பதில் சொல்ல வேண்டியவர்கள் வெளியே இருக்கிறார்கள்

120 பெண்கள். 1,900 படங்கள். 400 காணொளிகள். பெண்களை இணையத்தில் ஏமாற்றி, அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டிய நாகர்கோவில் காசி மீதான வழக்கில் சிபிசிஐடி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கொடுத்த கணக்கு இது. பள்ளி மாணவிகள், கல்லூரி மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்த வலையில் விழுந்திருந்தார்கள். புகார் கொடுக்க முன்வந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

120 எங்கே, அந்தச் சிலர் எங்கே? மற்றவர்கள் ஏன் வரவில்லை? பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதைத்தான் கண்டிக்கிறோம்.

2020 ஏப்ரல். ஊரடங்குக் காலம். தெருவுக்குத் தெரு காவலர்கள் நின்ற மாதம். சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். அதன் பிறகே கைது நடந்தது. காசி தன்னை விமானி என்று ஒருத்தியிடம், வழக்கறிஞர் என்று இன்னொருத்தியிடம், தொழிலதிபர் என்று வேறொருத்தியிடம் சொல்லிக்கொண்டார். பல பெயர்கள், பல போலிக் கணக்குகள். இதையெல்லாம் செய்தவர் நாகர்கோவில்காரர். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த அதிகாரியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கணக்குகள் இருந்த தளங்களை நடத்திய எந்த நிறுவனமும் எச்சரிக்கவில்லை. 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு பெண்ணின் துணிவு மட்டுமே இதை வெளியே கொண்டுவந்தது. அவரும் அஞ்சி ஒதுங்கியிருந்தால் அந்த 120 இன்று எத்தனை ஆகியிருக்கும்?

2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. தண்டனை சரியானது. ஆனால் அந்தத் தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதாக அதிகாரிகள் நடந்துகொள்கிறார்கள். ஒருவர் சிறைக்குப் போனார். அவர் பயன்படுத்திய வழிகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. இன்று மாலை ஓர் ஆள் மார்த்தாண்டத்திலோ மதுரையிலோ உட்கார்ந்து, பதினாறு வயதுப் பையன் என்று பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் போதும். தடுக்க ஒருவரும் இல்லை.

இந்த வேட்டை எப்படி நடக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வழக்குக் கோப்புகளில் அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஒரு வகுப்பில் ஒரே ஒரு மாணவிக்கு நட்பு அழைப்பு போகும். அவள் ஏற்றுக்கொண்டதும், 'இவளுக்குத் தெரிந்தவர்தான்' என்று அடுத்தவள் ஏற்பாள். ஒரு வாரத்தில் பாதி வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கும். பிறகு பேச்சு. பரீட்சை பற்றி, வீட்டில் திட்டியது பற்றி, அம்மாவுக்குப் புரியவில்லை என்பது பற்றி. அவசரமே இருக்காது. பொறுமையாகக் கேட்பதுதான் அந்த ஆளின் தூண்டில். அதன் பின் உரையாடல் இன்ஸ்டாகிராமிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ ஸ்னாப்சாட்டுக்கோ நகரும். படித்ததும் மறையும் செய்தி, பார்த்ததும் மறையும் படம். முதலில் கேட்பது சாதாரணப் படம். அடுத்தது அப்படி இருக்காது. மறைந்துவிட்டதாகக் குழந்தை நம்பிய படம் மறுமுனையில் பத்திரமாக இருக்கும். அன்று குரல் மாறும். பணம் கொடு, இல்லையென்றால் நேரில் வா, இல்லையென்றால் உன் அப்பாவுக்கு அனுப்புவேன்.

ஆண்பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். பெண் பெயரில் கணக்கு, காணொளி அழைப்பு, பதிவு, மிரட்டல், பணம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று அவர்களைப் பிரிக்கவில்லை. ஆனால் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் பையன்களிடம் இதை யாரும் பேசுவதில்லை. 'பையன்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். மிரட்டப்படும் பையன் அவமானத்தை யாரிடம் கொண்டுபோவான்?

எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்ளும் மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு. அந்தப் பெருமைக்குப் பின்னால் உள்ள வீடுகளைப் பாருங்கள். அப்பா வளைகுடாவில். அல்லது விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில். வீட்டில் பிள்ளையும் கைபேசியும். அந்தக் கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொன்னது யார்? 2020இல் பள்ளிகளை மூடிவிட்டு, பாடம் அதில்தான் வரும் என்று கல்வித் துறையே சொன்னது. கடன் வாங்கிக் கைபேசி வாங்கினார்கள். அதோடு வரும் ஆபத்தைப் பற்றி அன்று அந்தத் துறை பெற்றோரிடம் எவ்வளவு பேசியது?

இப்போது காவல் துறைக்கு வருகிறோம்.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்யாத காவலரும் குற்றவாளி என்கிறது 21ஆம் பிரிவு. ஆறு மாதம்வரை சிறை உண்டு.

எழுதப்பட்டது இவ்வளவு தெளிவாக இருக்கிறது. நடப்பது என்ன? தாயும் மகளும் காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள். 'யாரென்றே தெரியாத ஆளிடம் ஏன் பேசினாய்?' என்பதுதான் முதல் கேள்வி. 'கணக்கை டெலிட் பண்ணிட்டுப் போம்மா' என்பது முதல் அறிவுரை. அந்த அறிவுரையோடு சாட்சியமும் அழிகிறது. அந்த ஆள் எந்த ஊர் என்று தெரியாததால் எல்லைச் சிக்கல் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறது. மின்னஞ்சலில் வந்தாலும் வாங்க வேண்டும். மூன்று நாளில் கையெழுத்துப் பெற்றால் போதும். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறவர் சட்டத்தை மீறுகிறார். அவர் மீது என்ன நடவடிக்கை?

'கேஸு குடுத்தா பிள்ளைக்க பேரு என்னாவும்?' இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு தாயும் கேட்கும் கேள்வி இது. அந்த அச்சத்தை ஊர் வாய் என்று சொல்லி அதிகாரிகள் கை கழுவ முடியாது. அந்த அச்சத்துக்கு உரம் போட்டவர்கள் அதிகாரிகளே.

2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு. அங்கும் போலி முகநூல் கணக்குகள்தான். பாதிக்கப்பட்ட மாணவியின் பெயரைக் காவல் துறை உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அந்தப் பெயர் அச்சாகி வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஐந்தாண்டு கழிந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கு. முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. மாணவியின் பெயரும் முகவரியும் ஊர் பார்க்க வெளியே வந்தன. மீண்டும் உயர் நீதிமன்றம். மீண்டும் 25 லட்சம்.

இரண்டு முறையும் பணம் கொடுக்க வேண்டியது அரசுக் கருவூலம். அதாவது மக்கள். பெயரை வெளியிட்ட கை தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயாவது கொடுத்ததா? புகார் கொடுத்தால் பெயர் வெளியே வரும் என்று தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அரசு இயந்திரம்தான். பிறகு அதே அரசு 'தயங்காமல் புகார் கொடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுகிறது. யார் நம்புவார்கள்?

நம்பிக்கை கொடுத்தால் பெண்கள் வருகிறார்கள் என்பதற்கும் பொள்ளாச்சியே சான்று. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் அடையாளம் காக்கப்பட்டு வழக்கில் உறுதியாக நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. எட்டுப் பேருக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் அந்த நாளைப் பார்க்க அவர்கள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். போக்சோ வழக்குகளை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. 'இயன்றவரை' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் ஒளிந்துகொள்கின்றன!

அடுத்து நிறுவனங்கள். மெட்டா, கூகுள், ஸ்னாப், டெலிகிராம். இந்தக் குற்றங்கள் அத்தனையும் இவர்களுடைய இடத்தில் நடக்கின்றன. வாடகையை விளம்பரமாக வசூலிப்பவர்கள் இவர்கள். ஒரு சிறுமி எந்தக் காலணி வாங்குவாள் என்று இவர்களால் கணிக்க முடிகிறது. ஒரே ஆள் பல பெயர்களில் நூறு சிறுமிகளுக்குச் செய்தி அனுப்புவதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். இதை நாம் ஏற்கவில்லை.

13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வயதை யார் சொல்வது? கணக்குத் தொடங்குபவரே. பத்து வயதுக் குழந்தை பதினெட்டு என்று போடலாம். நாற்பது வயது ஆள் பதினைந்து என்று போடலாம். சிறாருக்கான தனிப் பாதுகாப்புக் கணக்கை 2025இல் இன்ஸ்டாகிராம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. காசி வழக்குக்கு ஐந்தாண்டு கழித்து. அந்தப் பாதுகாப்பும் பிள்ளை தன் வயதை உண்மையாகச் சொன்னால்தான் முழுமையாக வேலை செய்யும்.

நிர்வாணப் படம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. படத்தை ஓரிடத்தில் நீக்கினால் இன்னோரிடத்தில் முளைக்கிறது. போட்டவனின் கணக்கை முடக்கினால் அதே கைபேசியில் அடுத்த கணக்கு திறக்கிறது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. சென்னை அம்பத்தூரில் பதிவான வழக்கு அது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமாகாது என்று அதே ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. இத்தகைய குற்றம் தங்கள் தளத்தில் நடந்தால் அமெரிக்க அமைப்புக்குத் தகவல் அனுப்பிவிட்டோம் என்று நிறுவனங்கள் தப்பிக்க முடியாது, இங்குள்ள காவல் துறைக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. கன்னியாகுமரி மாவட்டக் காவல் துறைக்கு இந்த நிறுவனங்கள் நேரடியாக அனுப்பிய தகவல்கள் எத்தனை? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளியிட வேண்டும்.

ஒன்றிய அரசின் நிதானம் இன்னும் மோசம். 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதைச் சரிபார்க்கவும் வேண்டும் என்று தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு விதி எழுத இரண்டாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியப் பிரிவுகளைச் செயல்படுத்த நிறுவனங்களுக்கு மேலும் 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். வேட்டையாடுபவன் அவகாசம் கொடுக்கிறானா?

ஆஸ்திரேலியாவில் 2007இல் கார்லி ரயன் என்ற 15 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். இணையத்தில் அவள் நேசித்தது பிராண்டன் என்ற இளம் இசைக் கலைஞனை. அப்படி ஒருவனே இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் நடுவயது ஆள் ஒருவன் இருந்தான். அவளுடைய தாய் பத்தாண்டு போராடினார். 2017இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சிறாருக்குத் தீங்கு செய்யத் தயாராவதே அங்கே குற்றம். வயதைப் பொய்யாகச் சொல்லி நெருங்குவதும் அதில் அடங்கும். படம் கேட்கும்வரை, தொடும்வரை காவல் துறை காத்திருக்க வேண்டியதில்லை. 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே அந்த நாடு தடுத்துவிட்டது. மீறினால் அபராதம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கிடையாது, நிறுவனத்துக்குத்தான். அந்தத் தடையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பொறுப்பை அவர்கள் யார் தலையில் வைத்தார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி. மூன்றாண்டுவரை சிறை. வங்கி மோசடிக்கும் அதே பிரிவு, குழந்தையை ஏமாற்றுவதற்கும் அதே பிரிவு. பாலியல் நோக்கத்தோடு குழந்தையை இணைய உறவுக்குள் இழுப்பதைக் குற்றமாக்கும் 67பி 2008 திருத்தத்திலேயே வந்துவிட்டது. காசி கைதானபோது அந்தப் பிரிவுக்கு வயது பத்துக்கு மேல். உண்மையான படமோ புனைந்த படமோ, அதைக் காட்டி மிரட்டினாலே குற்றம் என்கிறது போக்சோவின் 11ஆம் பிரிவு. செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தை ஒட்டிச் செய்யும் படத்துக்கும் அது பொருந்தும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஆய்வாளர்கள் எத்தனை பேர்? படம் போலியென்றால் வழக்கு நிற்காது என்று சொல்லிப் பெற்றோரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும்.

வயதைப் பொய்யாகச் சொல்லிக் குழந்தையை நெருங்குவதற்கென்று தனிக் குற்றப் பிரிவு வேண்டும். கன்னியாகுமரி மக்களவை உறுப்பினரும் மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் இதை அவையில் கேட்க வேண்டும். காசி பெயரைச் சொல்லி மேடையில் முழங்கியது போதும்.

பள்ளிகளையும் விடுவதற்கில்லை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்குச் சிறை உண்டு; குற்றம் செய்தவர் அவருக்குக் கீழ் இருப்பவர் என்றால் ஓராண்டுவரை. ஆனால் பள்ளிப் பெயர் கெடும் என்று மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் தலைமையாசிரியர்களும் தாளாளர்களும் இன்னும் இருக்கிறார்கள். குற்றம் செய்தவன் வெளியே, பள்ளியைவிட்டுப் போவது பிள்ளை. 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி பள்ளியில் தொங்குகிறது. அதைத் திறப்பது யார், எப்போது திறப்பது, உள்ளே கிடந்த தாளுக்கு என்ன நடந்தது? 14417, 1098 என்ற உதவி எண்கள் சுவரில் இருக்கின்றன. கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்ட வீட்டில் பிள்ளை எதிலிருந்து கூப்பிடும்? முதன்மைக் கல்வி அலுவலர் பள்ளி பள்ளியாகப் போய் இதைக் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்ன அன்று அடித்தால், அடுத்த முறை அது சொல்லாது. மிரட்டுபவனுக்குத் தேவை அதுதான். ஊடகங்களுக்கும் இது பொருந்தும். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டையும் தெருவையும் காட்டினால் அது அடையாளத்தை மறைத்ததாகாது. போக்சோவின் 23ஆம் பிரிவின்படி அது குற்றம். யூடியூப் அலைவரிசைகளுக்கும் சேர்த்தே.

மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் நாம் கேட்பது நிதி ஒதுக்கீடோ புதிய கட்டடமோ அல்ல. காவல் நிலையத்துக்கு வராமலே குழந்தையின் வாக்குமூலத்தைப் பெறும் முறை ஒவ்வொரு தாலுகாவிலும் நாளையே தொடங்கலாம். சட்டம் ஏற்கெனவே அதைத்தான் கட்டளையிட்டிருக்கிறது. போக்சோ வழக்கின் முதல் தகவல் அறிக்கையை யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடு பதிவு வைக்கலாம். கசிந்தால் அந்தப் பட்டியலில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஒரு கணக்கை அவர்கள் வெளியிட வேண்டும். 2023 ஜூன் தீர்ப்புக்குப் பிறகு போலிக் கணக்கு மூலம் சிறார் மிரட்டப்பட்டதாக இந்த மாவட்டத்தில் வந்த புகார்கள் எத்தனை. அவற்றில் வழக்கானவை எத்தனை. ஓராண்டுக்குள் முடிந்தவை எத்தனை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியதற்காக 21ஆம் பிரிவின்கீழ் வழக்குக்கு உள்ளான காவலர்கள் எத்தனை. கடைசிக் கேள்விக்கு விடை பூஜ்யம் என்றால், அந்தப் பூஜ்யத்தையும் பொறுப்பு அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும் வெளியிட வேண்டும்.